பாடசாலை மணி அடித்த பிறகு

(மாவட்டக் கல்விக் குழு கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



துணி துவைக்க, விறகு எடுக்க, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை. அதில் அரை நாளை எங்களுக்குத் தந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கல்விக் குழுவுக்கு வருகிற முறைப்பாடுகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. டவுனில் இருக்கிற கத்தோலிக்கப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டால் மூன்று மணிக்கு லயத்துக்கு வந்துவிடலாம். ஆனால் பேண்ட் பழக்கம், இல்ல விளையாட்டு, தமிழ்த் தின நாடகம், சாரணர், சங்கக் கூட்டம் என்று பிள்ளை ஐந்தரைக்குத்தான் வீடு வருகிறது. காசும் கேட்கிறார்கள். கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்த ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "படிக்க அனுப்பினோமா, ஆட அனுப்பினோமா, சேர்?"

நியாயமான கேள்வி. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானித்தார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு எத்தனை நாள் பேர் விழ வேண்டும், எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் பிள்ளைக்கு வெள்ளைச் சப்பாத்து ஒன்று, இல்ல நிறத்தில் பனியன் ஒன்று என்றால் அந்தத் தாய் கேட்டதில் பிழை இல்லை. ஆனாலும் எங்கள் பதில் வேறு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் இந்தப் பாடசாலைகள் எப்படி வந்தன என்று ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள் இருந்த பள்ளிக்கூடம் துரையின் தயவில் நடந்தது. ஒரு மடுவம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியேதான் நின்றன. எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைக் கையேற்கத் தொடங்கியது. இடையில் இருந்த காலம் முழுவதும், ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க நினைத்த தோட்டத்துப் பிள்ளைக்கு டவுனில் இருந்த மிஷன் பாடசாலைதான் வழி. மெதடிஸ்த மிஷன் ஒரு பக்கம், கத்தோலிக்கச் சபை ஒரு பக்கம். 1960லும் 1961லும் வந்த சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசுக்குப் போயின. அதற்குப் பிறகும் பெயர் போகவில்லை. ஹட்டனில் புனித ஜோன் பொஸ்கோ இருக்கிறது, புனித கபிரியேல் இருக்கிறது. நுவரெலியாவில் புனித சவேரியார் இருக்கிறார். வாசலில் சுரூபமும், காலைக் கூட்டத்தில் ஒரு செபமும், வருடத்தில் ஒரு நாள் திருநாளும் இருக்கின்றன. படிக்கிற பிள்ளைகளில் பெரும்பகுதி நம்முடைய சைவப் பிள்ளைகள்.

இந்தப் பெயர்களை நாம் பஸ் நிறுத்தம் மாதிரிச் சொல்லிப் பழகிவிட்டோம். "பொஸ்கோ போகிறான்" என்கிறோம். யார் அந்தப் பொஸ்கோ? ஒரு தொழிற்சங்கப் பத்திரிகையை வாசிக்கிற நமக்கு அந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். மதத்துக்காகச் சொல்லவில்லை. பாடசாலை விட்ட பிறகு நடக்கிற இந்தப் பேண்ட், நாடகம், சங்கம் எல்லாவற்றுக்கும் அவரிடத்தில் ஒரு வேர் இருக்கிறது. அது தொழிலாளியின் வேர்.

ஜோன் பொஸ்கோ 1815இல் வட இத்தாலியில் ஒரு சிறு கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது ஆவதற்குள் தகப்பன் இறந்துவிட்டார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இன்னொருவருடைய பண்ணையில் கூலிக்கு நின்றார். பிறகு படிப்புச் செலவுக்காகத் தையற்கடையிலும் கோப்பிக் கடையிலும் வேலை செய்தார். 1841இல் குருவானவர் ஆகி தூரின் என்ற பட்டினத்துக்குப் போனார். அப்போது தூரின் வளர்ந்துகொண்டிருந்த பட்டினம். கட்டடம் கட்ட ஆள் வேண்டும். மலைக் கிராமங்களில் இருந்து எட்டு வயது, பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பையன்கள் வந்து மேசன்மாருக்குச் சாந்து சுமந்தார்கள், புகைபோக்கி துடைத்தார்கள். தங்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லை. கொழும்பிலே கடையிலும் வீட்டிலும் நிற்கிற நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் படம் சரியாக விழும்.

அந்த வருடம் டிசம்பர் 8ஆம் திகதி, கோயிலுக்குள் ஒதுங்கி நின்ற ஒரு மேசன் கைவேலைப் பையனைக் கோயில் ஊழியர் அடித்து விரட்டினார். பொஸ்கோ அவனைத் திருப்பிக் கூப்பிட்டார். வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது. எழுதத் தெரியுமா, தெரியாது. பாடத் தெரியுமா, அதுவும் தெரியாது. சரி, சீட்டியடிக்கத் தெரியுமா என்றார். பையன் சிரித்துவிட்டான். அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் இதை இப்படித்தான் சொல்வார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். தெரியாததை எண்ணிக் கொண்டிருந்தவர் கடைசியில் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கினார். தரம் ஆறுக்கு வருகிற நம் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது, சிங்களம் தெரியாது, கணக்கு இடறும். ஆனால் தப்பு அடிக்கத் தெரியும். காமன் கூத்தில் ஆடத் தெரியும். அதைக் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்தக் கேள்வி வகுப்பு நேரத்தில் வருவதில்லை, மணி அடித்த பிறகுதான் வருகிறது.

ஒரு பையன் இருபது ஆனான், இருபது நூறாயிற்று. இவ்வளவு பையன்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள யாரும் இடம் தரவில்லை. சத்தம் என்றார்கள், அசுத்தம் என்றார்கள். கோயில் முற்றம், மாவு ஆலை, வாடகை அறை, கடைசியில் ஒரு புல்வெளி என்று துரத்தித் துரத்தி அனுப்பினார்கள். 1846இல்தான் ஒரு கொட்டகை கிடைத்தது. கூரை தலையில் இடிக்கிறது என்று தரையைத் தோண்டி இறக்கினார்கள். பாடசாலையும் கோயிலும் விளையாட்டு இடமும் அந்தக் கொட்டகைதான். அந்த வருடக் கடைசியில் அவருடைய தாய் மார்கரீட்டா கிராமத்தை விட்டு வந்து, தன் கலியாணப் புடைவைகளை விற்று, பத்து வருடம் அந்தப் பையன்களுக்குச் சமைத்துப் போட்டுக் கிழிசல் தைத்தார். சரித்திரத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்குவார்கள். கணக்குப் பார்த்தால் பாதி வேலை அவருடையது. மாதர் சங்கத் தலைவிகள் சிரிக்கிறீர்கள். தெரிந்த கதைதானே!

இனி, நம் சங்கத்துக்கு நேரே பொருந்துகிற மூன்று விஷயம்.

பொஸ்கோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. வார நாட்களில் அவர்கள் வேலை செய்கிற கடைக்கும் கட்டடத்துக்கும் போனார். முதலாளியிடம் பேசினார். பையனிடம் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டார். பிறகு 1851லும் 1852லும் அவர் செய்த காரியம்தான் பெரிது. வேலை பழகப் போகிற பையனுக்காக முதலாளியோடு ஒப்பந்தம் எழுதினார். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று கண்ணாடி வேலைக்கு, ஒன்று தச்சு வேலைக்கு. என்ன எழுதியிருக்கிறது? தொழிலைப் பழக்க வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. பிழை செய்தால் வாயால் திருத்த வேண்டும், கை வைக்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் விடுமுறை. இன்ன காலத்துக்கு இன்ன நாட்சம்பளம், வேலை பழகப் பழக அது ஏற வேண்டும். முதலாளி கையெழுத்து, பையன் கையெழுத்து, பொறுப்பாளி கையெழுத்து, பொஸ்கோ கையெழுத்து. நூற்று எழுபது வருடத்துக்கு முன்னால், ஒரு பிள்ளைக்காக, ஒரு துண்டுத் தாளில். நம் கையில் இன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தாள் இருக்கிறது?

இரண்டாவது, 1850இல் அந்தக் கொட்டகைக்கு வந்த தொழிலாளி இளைஞர்கள் ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கினார்கள். ஞாயிறு தோறும் ஆளுக்கு ஒரு சிறு காசு சந்தா. அங்கத்தவர் நோயில் விழுந்தாலும் வேலை இழந்தாலும் நிதியில் இருந்து உதவி. கணக்கு எழுதினார்கள், விதி அச்சடித்தார்கள். மரண உதவிச் சங்கம் வைத்திருக்கிற நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மூன்றாவது எங்களுக்கு மிகவும் பிடித்தது. 1850 ஜனவரி முதல் அந்த நாட்டில் பழைய நிறுவை அளவை எல்லாம் போய் கிலோவும் மீற்றரும் சட்டமாக வரப்போகிறது. புதிய அளவு தெரியாத ஏழைகளைக் கடைக்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்று பொஸ்கோ முன்னாலேயே கண்டார். எளிய பாஷையில் ஒரு சிறு கைநூல் எழுதினார். அது போதாது என்று அதையே ஒரு நாடகமாக்கிப் பையன்களை மேடையில் ஏற்றினார். மக்கள் சிரித்துக்கொண்டே கிலோ என்றால் என்ன, கிராம் என்றால் என்ன என்று படித்துக்கொண்டார்கள். நிறுவைத் தராசைப் பற்றி ஒரு பள்ளிக்கூட நாடகம்! கொழுந்து மடுவத்தில் நின்று, கூடைக்கும் தண்ணீருக்கும் என்று கிலோ கழிக்கும்போது வாய் திறக்க முடியாமல் நிற்கிற நமக்கு அந்த நாடகம் வேண்டாமா? நம் பிள்ளைகள் தமிழ்த் தினப் போட்டிக்கு அரிச்சந்திரனும் ஆடட்டும், பண்டார வன்னியனும் ஆடட்டும். ஒரு வருடம் தராசையும் ஆடட்டும்.

அவரைத் தொழிற்சங்கவாதி ஆக்கி மாலை போட்டுவிட வேண்டாம். அவர் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னவர் இல்லை. பணக்காரர் வாசலிலும் பிரபுக்கள் வாசலிலும் கையேந்தித்தான் தன் வேலையை நடத்தினார். சம்பளப் போராட்டம், சட்டம், அரசியல் என்பவற்றுக்கு அவர் ஒதுங்கியே இருந்தார். தர்மம் கேட்பது ஒன்று, உரிமை கேட்பது இன்னொன்று. அந்த வித்தியாசத்தை நம் மூத்தவர்கள் சிறைக்குப் போய்ப் படித்தார்கள். அவர் 1888இல் இறந்தார். மூன்று வருடம் கழித்து, 1891இல், பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கையான உரிமை என்று எழுதினார். அதற்குப் பிறகு வந்தவர் பெல்ஜியத்துக் கார்டின் சுவாமி. தன்னோடு படித்த கூட்டாளிகள் ஆலைக்குப் போனதையும், தான் படிக்கப் போனதால் அவர்கள் தன்னை விட்டு விலகிப் போனதையும் கண்டு மனம் உடைந்தவர். இளம் தொழிலாளர் இயக்கத்தை 1925இல் அவர் நிறுவினார். அதே வழியில் வந்ததுதான் நம் கத்தோலிக்கப் பாடசாலைகளில் இருக்கிற இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், வை.சி.எஸ். என்பார்கள். அவர்களுடைய முறை மூன்று சொல்: பார், தீர்ப்பிடு, செயற்படு.

அந்த மூன்று சொல் எப்படி வேலை செய்யும் என்பதற்கு நாங்கள் அருகில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்லலாம். ஒரு பாடசாலையில் தரம் பத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. பொறுப்பாசிரியை கொடுத்த வேலை: உங்கள் வகுப்பில் யார் அடிக்கடி வருவதில்லை, ஏன் என்று பார்த்து எழுதுங்கள். பிள்ளைகள் ஒரு மாதம் வரவுப் பதிவேட்டைப் பார்த்தார்கள். ஒரே தோட்டத்து இரண்டு டிவிசன் பெண்பிள்ளைகள்தான் அதிகம் வராதவர்கள். போய்க் கேட்டார்கள். அங்கே பிள்ளை மடுவம் ஏழரைக்குப் பிறகுதான் திறக்கிறது. தாய் அதற்கு முன்னாலேயே பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் தம்பியை வைத்திருப்பது அக்கா. தம்பியை விட்டுவிட்டு ஓடினால் பஸ் போய்விடும். பிள்ளைகள் இதை ஒரு கடிதமாக எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுத்தார்கள். தலைவர் அதை அப்படியே துரையிடம் கொண்டுபோனார். மடுவம் முக்கால் மணி நேரம் முன்னால் திறந்தது. எங்களுக்கு, சங்கத்தில் இத்தனை வருடம் இருக்கிறவர்களுக்கு, அந்த டிவிசனில் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

இதுதான் அந்தத் தாயின் கேள்விக்கு எங்கள் பதிலின் முதல் பாதி. சங்கக் கூட்டத்துக்குச் செயலாளராக இருக்கிற பிள்ளை கூட்டறிக்கை எழுதப் பழகுகிறது. பொருளாளராக இருக்கிற பிள்ளை வரவு செலவு எழுதப் பழகுகிறது. நாடகத்தில் நிற்கிற பிள்ளை நூறு பேர் முன்னால் குரல் நடுங்காமல் பேசப் பழகுகிறது. நாளைக்குத் தொழில் திணைக்களத்தில் போய் நின்று ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தில் பெயர் ஏன் மாறியிருக்கிறது என்று கேட்பதற்கு அந்தக் குரல் வேண்டும். அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் ஒன்று என்று இருப்பதால் முப்பது வருடக் காசு நிற்கிற வீடுகள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன.

பொஸ்கோவின் பாடசாலையிலும் இப்படித்தான். மாணவர்களே நடத்திய குழுக்கள் இருந்தன. 1856இல் தொடங்கிய ஒரு குழுவை முன்னின்று தொடங்கியவர் தொமினிக் சாவியோ என்ற பதினான்கு வயதுப் பையன். புதிதாக வந்து தனியாக அழுகிற பையனுக்குத் துணை நிற்பது அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த பெற்றோருக்கு இதன் பெறுமதி தெரியும்.

சமயத்தைப் பற்றியும் பேசாமல் போக முடியாது. பலருக்கு மனதில் இருக்கிறது, வாயில் வருவதில்லை. கத்தோலிக்கப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மாறிவிடுமா? இந்த நாட்டில் பாடசாலைப் பிள்ளைக்கு அதன் சொந்தச் சமயமே பாடம். சைவப் பிள்ளை சைவநெறி படிக்கிறது, சாதாரண தரப் பரீட்சைக்கு அதையே எழுதுகிறது. நாங்கள் அறிந்த பாடசாலைகளில் ஒக்டோபரில் வாணி விழா வைக்கிறார்கள். சிஸ்டர் முன் வரிசையில் உட்கார்ந்து அவல் கடலை வாங்கிச் சாப்பிடுகிறார். நத்தாருக்குக் குடில் கட்டுவது பெரும்பாலும் சைவப் பிள்ளைகள்தான், அவர்களுக்குத்தான் காட்டில் பாசி எடுக்கத் தெரியும். எங்காவது ஒரு பிள்ளையை விருப்பமில்லாமல் செபத்துக்கு நிற்க வைத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், அதிபரிடம் நாங்கள் பேசுகிறோம். ஆனால் அந்தப் பயத்தில் பிள்ளையைச் சங்கத்துக்கும் சாரணருக்கும் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். சமயம் கடந்து, இனம் கடந்து சேர்ந்து வாழ்வதைப் படிப்பித்தவர்களில் நம் மலையகத்துக்கு மிகவும் வேண்டிய ஒருவர் இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ். கண்டியில் 1972இல் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் இருந்து வேலை செய்யலாம் என்று காட்டியவர். பிரஜாவுரிமை இல்லாமல் நம்மவர்கள் நின்ற காலத்தில் நமக்காக எழுதியவர், பேசியவர்.

பதிலின் மற்றப் பாதி கசப்பானது. அதில் பாடசாலைகளைக் கேட்க வேண்டியது இருக்கிறது.

இந்த நிகழ்ச்சிகளுக்குள் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறதா? இல்லை. ஒரு பாடசாலை, பெயர் சொல்லவில்லை, பேண்ட் உடுப்புக்குக் காசு கட்டக்கூடியவர்களை மட்டும் பேண்டில் எடுத்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பரிசளிப்பு விழாவுக்குக் கதிரை தூக்கினார்கள். களியாட்ட விழாவுக்கு டிக்கற் புத்தகம் கொடுத்து, விற்காவிட்டால் காசைக் கொண்டு வா என்கிறார்கள். லயத்தில் யாரிடம் விற்பது? பக்கத்துக் காம்பராவில் இருப்பவரிடமும் அதே புத்தகம்தான் இருக்கிறது. பிள்ளை வெட்கத்தில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போகாது, பிறகு ஒரு கிழமை போகாது, பிறகு போகவே போகாது. பரீட்சையில் தோற்றுப் படிப்பை விட்டதாக நாம் நினைக்கிற பிள்ளைகளில் சிலர் இப்படி ஒரு டிக்கற் புத்தகத்தில் விட்டவர்கள். கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம், கொழுந்துக் கூடை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம் என்றால் வாசலில் நிற்கிற அந்தச் சுரூபத்துக்கே அது பொருந்தாது.

பஸ் அடுத்த தலையிடி. சிசு செரிய பஸ் பாடசாலை விடுகிற நேரத்துக்கு ஓடுகிறது. அதை விட்டால் தனியார் பஸ், அல்லது சந்தியில் இறங்கி இரண்டு மூன்று கிலோமீற்றர் தேயிலைக்குள் நடை. ஆறு மணிக்கு மலையில் இருட்டிவிடும், மிஸ்ட் இறங்கிவிடும். சிறுத்தை நடமாட்டம் இல்லாத தோட்டம் இப்போது எது? பெண்பிள்ளையை வைத்திருக்கிற தகப்பன், நாடகமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல எங்களால் முடியாது. டவுன் பிள்ளை நாலு மணிக்குப் பழகிவிட்டு ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகிறது. பேச்சுப் போட்டியில் யார் முதலாவது வருவார் என்பதை மேடைக்கு முன்னாலேயே பஸ் தீர்மானித்துவிடுகிறது.

இவை பெற்றோர் தனித்தனியாக அழுது தீர்க்கிற விஷயம் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று எல்லா அரச பாடசாலையிலும் இருக்கிறது. பெற்றோர் அதில் அங்கத்தவர்கள். வருடப் பொதுக்கூட்டம் வைக்கிறார்கள். நம்மவர்கள் போவதில்லை. போனால் அரைப் பேர் வெட்டுவார்கள், போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். நிறைவேற்றுக் குழுவில் கடை முதலாளியும் கொந்தராத்துக்காரரும் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு நம் பஸ் நேரம் தெரியாது. இந்த வருடம் ஒவ்வொரு டிவிசனில் இருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், பெயர் கொடுத்துக் கூட்டத்துக்குப் போக வேண்டும். அன்றைய வேலைக்குப் பேர் வெட்டாமல் இருக்கத் தோட்ட நிர்வாகத்தோடு சங்கம் பேசும். அங்கே கேட்க வேண்டியது சண்டைக் குரலில் இல்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும்: பேண்ட் உடுப்பு பாடசாலைச் சொத்தாக இருக்கட்டும், பிள்ளைகள் மாறி மாறி உடுக்கட்டும். டிக்கற் புத்தகம் விரும்பியவருக்கு மட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிற பழக்கங்களை மத்தியான இடைவேளைக்கோ சனிக்கிழமை காலைக்கோ மாற்ற முடியுமா என்று பார்க்கட்டும். பல அதிபர்களும் சிஸ்டர்களும் கேட்டால் செய்கிறவர்கள். இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை என்பதுதான் எங்கள் அனுபவம்.

இனி, பாடசாலையை விட்டுவிட்ட பிள்ளைகள். இதைத்தான் கடைசியாக வைத்தோம், இதுதான் அவசரம்.

சாதாரண தரம் எழுதிய கையோடு பரீட்சை முடிவு வரும்வரை என்று சொல்லிக் கொழும்புக்குப் போகிறார்கள். முடிவு வந்தாலும் திரும்பி வருவதில்லை. புடைவைக் கடை, சைவக் கடை, பேக்கரி, வீடு. சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி. 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதையும் பதினாறாக உயர்த்தினார்கள். அதே வருடம் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மலையகப் பிள்ளை ஒருத்தி தீக்காயங்களோடு இறந்ததும், நாம் பதாகை பிடித்து ரோட்டில் நின்றதும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. ஆகவே பதினாறுக்குக் கீழே என்றால் தரகர் எவ்வளவு முற்பணம் காட்டினாலும் அனுப்பாதீர்கள். வீட்டில் கஷ்டம் என்றால் முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

பதினாறுக்கு மேலே போகிற பிள்ளையைக் கையில் ஒரு தாளோடு அனுப்புங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. வேலை விபரத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் இருக்கிறது. 1958இல் இருந்து ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, கடைப் பையனுக்கும் அது உண்டு. இதைத் தெரியாமல் நம் பிள்ளை மாதம் முப்பது நாளும் நின்று, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் என்று சம்பளத்தில் வெட்டக் கொடுத்து, தீபாவளிக்கு ஒரு சேர்ட்டோடு வருகிறான். கல்விக் குழு ஒரு பக்கப் படிவம் ஒன்று தயாரித்திருக்கிறது. முதலாளியின் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண், என்ன வேலை, என்ன சம்பளம், எந்த நாள் லீவு, சேமலாப நிதி இலக்கம், அடித்தால் யாருக்கு அறிவிப்பது. தூரின் பட்டினத்துத் தாளைப் பார்த்துத்தான் எழுதினோம் என்று சொன்னால் அது பொய்யில்லை. கையெழுத்துப் போட மறுக்கிற முதலாளியிடம் பிள்ளையை விட வேண்டாம். ஒரு பிரதி பிள்ளையிடம், ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி மாவட்டக் காரியாலயத்தில். கொழும்பில் இருக்கிற நம் சங்கத் தோழர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த விலாசங்களுக்குப் போய்ப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் பின்னால் நிற்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று. பாடசாலையில் சங்கம் நடத்தப் பழகியவர்கள், அதைக் கொஞ்சம் லயத்துக்கும் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையைத் திறந்து, சின்னவர்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுங்கள். அதோடு ஒரு மணி நேரம் அப்பா அம்மாவின் சம்பளத் துண்டை வைத்து வாசியுங்கள். எத்தனை நாள் பேர், எத்தனை மேலதிகக் கிலோ, எதற்கு எவ்வளவு வெட்டு என்று வரி வரியாக. மூன்று தோட்டத்தில் இதைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தோட்டத்தில் இல்லாத கடனுக்கு மாதாமாதம் வெட்டிக்கொண்டு இருந்ததைக் கண்டுபிடித்தது தரம் பன்னிரண்டு படிக்கிற ஒரு பிள்ளை.

படிவங்கள் வாசலில் மேசையில் இருக்கின்றன. கொழும்பில் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் போவதற்கு முன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நிரப்பத் தெரியாவிட்டால் உயர்தரப் பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிற இருவரின் பெயரைத் தோட்டத் தலைவர்கள் இந்த மாதச் சந்தாப் பட்டியலோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.